விழுந்த பூ யாருக்குச் சொந்தம்?

வாழும் மண்ணை அறிவோம்: தொடர் பகுதி



‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பது நம் தாய்மார் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. நல்லது கிட்டாத இடத்தில் கிட்டியதே நல்லதாகிவிடும் என்னும் பொருளில், சற்று ஏளனமாகவே அதனை நாம் எடுத்தாளுகிறோம். ஆனால், இதைச் சொல்லுகிற நம்மில் எத்தனை பேர் இலுப்பைப் பூவைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? அதன் இனிப்பை நாவால் அறிந்தவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் இலுப்பைத் தோப்புகள் அருகிவிட்டன. பழமொழி மட்டும் எஞ்சி நிற்கிறது. நாம் பிழைப்பை நாடி வந்து வேரூன்றியிருக்கும் இந்த நடு இந்தியப் பகுதியிலோ இலுப்பைப் பூ இன்றும் வாழ்கிறது. அது வெறும் உவமையாக வாழவில்லை; பல்லாயிரம் குடும்பங்களின் உணவாக, மருந்தாக, கைச்செலவுக்கான காசாக, தெய்வத்துக்குப் படைக்கும் பொருளாக வாழ்கிறது.

ஜம்ஷெட்பூர், ராஞ்சி, பொகாரோ, ரூர்கேலா, பிலாய் என்று நம்மவர் வாழும் தொழில் நகரங்களைச் சுற்றி ஒருமுறை வண்டியில் சென்று வந்தால் போதும். ஆலைப் புகைபோக்கிகள் கண்ணுக்கு மறைந்த சிறிது தொலைவிலேயே காடு தொடங்கிவிடும். அந்தக் காட்டை நாம் ‘பசுமை’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். அங்கே வாழும் முண்டா, உராவ், சாந்தால், ஹோ, கோண்டு இன மக்களுக்கு அது பண்டசாலை, பாத்திரக் கடை, மருந்துப் பெட்டி, கோவில். அவர்களுடைய அன்றாட வாழ்வில் காட்டுச் செடிகொடிகள் எவ்வெவ்வாறு பயன்படுகின்றன என்பதையும், அந்தப் பயனுக்கு அவர்கள் எத்தகைய விலை கொடுக்க நேர்ந்தது என்பதையும் இத்திங்கள் சிறிது காண்போம்.

இரவில் மலர்ந்து விடியலில் விழுவது

இந்தி பேசுவோர் ‘மகுவா’ என்பதும் நாம் ‘இலுப்பை’ என்பதும் ஒரே இனத்தின் இரு வகைகளே என்று தாவர நூலார் கூறுவர். வடக்கே உள்ளது அகன்ற இலை கொண்டது. தெற்கே உள்ளது நீண்ட இலை கொண்டது. வேறுபாடு அவ்வளவே.

பங்குனி மாதத்தில் மகுவா மரம் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். கிளை நுனிகளில் மொட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பூ இரவில் மலர்கிறது. விடியற்காலையில் சதைப்பற்றுள்ள இதழ்க்குவளை மட்டும் கழன்று, முத்துப் போல் மண்ணில் உதிர்கிறது. அதைப் பறிக்க வேண்டுவதில்லை, பொறுக்கினால் போதும். இருள் பிரியுமுன்பே பெண்களும் பிள்ளைகளும் கூடையுடன் மரத்தடிக்குச் சென்றுவிடுவார்கள். நேரம் கழித்துச் சென்றால் மாடும் மானும் தின்றுவிடும். கரடிக்கும் இந்தப் பூவின்மேல் பெருவிருப்பம் உண்டு; ஆகவே பூப்பொறுக்கச் செல்வது சில இடங்களில் உயிருக்கே துணிந்த வேலையாகும்.

பொறுக்கிய பூவை வெயிலில் உலர்த்தினால், திராட்சை வற்றல் போலச் செந்நிறமாகச் சுருங்கிவிடும். உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேற்பட்டது சர்க்கரைச் சத்தே. ஆலை இல்லா ஊருக்கு இது சர்க்கரை என்று நம் முன்னோர் சொன்னது மிகையன்று! இந்த வற்றலை வேக வைத்து உண்பர். வறுத்த புளியங்கொட்டையுடன் சேர்த்து அவிப்பர். வறுத்த தானியத்துடன் உரலிலிட்டு இடித்து உருண்டையாகப் பிடிப்பர். குதிரில் இருந்த நெல் தீர்ந்து, புதுநெல் இன்னும் விளையாத ஆடி ஆவணி நாட்களில், பூவற்றல் நிறைந்த பானை பல குடும்பங்களைப் பட்டினியினின்று காத்திருக்கிறது. பஞ்ச காலங்களில் அது காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

பூவிலிருந்து மது வடிப்பதும் உண்டு. பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் முன்னோர்க்கு முதற்சொட்டு படைத்த பின்னரே அதை அருந்துவது வழக்கம். மது வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த மரத்தில் மதுவை மட்டும் கண்டார்கள். உணவைக் காணவில்லை என்பதற்காகச் சொல்லுகிறேன். பம்பாய் மாகாணத்தில் 1892-ஆம் ஆண்டிலேயே மகுவாப் பூவைச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் இயற்றினர். சாராய வரியைக் காக்க வந்த சட்டம், ஏழையின் சோற்றுப் பானையிலும் கை வைத்தது.

பூப் பருவம் முடிந்தபின் ஆனி ஆடியில் விதை விழும். அதை ஆட்டி எடுக்கும் எண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் தலைக்கும் ஆகும். குளிர்காலத்தில் நெய் போல் உறைந்துவிடும். தமிழ்நாட்டுக் கோவில் விளக்குகளில் எரிந்த இலுப்பெண்ணெயும், நம் பாட்டிமார் எண்ணெய் முழுக்குக்குத் தேய்த்த இலுப்பைப் புண்ணாக்கும் இவ்விடத்தில் நினைவுக்கு வரலாம். நாம் அயலது என்று எண்ணும் இவ்வாழ்க்கை, நாம் மறந்துவிட்ட நம் பழைய வாழ்க்கைக்கு உறவினதேயாகும்.

காடு திருத்தி வயலாக்கும்போதும் மகுவா மரத்தை வெட்டாமல் விடுவது இப்பகுதி வழக்கம். எந்த மரத்தடியில் எந்தக் குடும்பம் பொறுக்குவது என்பதைப் பல ஊர்களில் பரம்பரை வழக்கமே தீர்மானிக்கிறது. எழுதப்பட்ட பத்திரம் இல்லை, வேலி இல்லை. ஆயினும் அடுத்தவர் மரத்தடியில் கூடை வைப்பவர் அரியர். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இராமன் எய்த மரம்

இங்குள்ள காடுகளின் அரசு சால் மரமே. கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு நம்பிக்கை வரும்பொருட்டு இராமபிரான் ஒரே கணையால் துளைத்த ஏழு மரங்களை வான்மீகி ‘சாலம்’ என்கிறார். கம்பர் ‘மராமரம்’ என்கிறார். அந்த மரம் இதுவே. இறுகிய வைரம் பாய்ந்த மரமாதலின், இருப்புப்பாதை போட வந்த ஆங்கிலேயர் தண்டவாளக் கட்டைகளுக்காக இதைக் காடு காடாக வெட்டினர். எஞ்சியதைக் காக்க வேண்டுமென்று சட்டம் கொணர்ந்தபோது, காட்டைத் தம்முடையதாக்கிக் கொண்டனர்.

அரசாங்கம் சால் மரத்தில் கண்டது கட்டை. கிராமத்தார் காண்பது வேறு.

முதலாவது, இலை. நான்கைந்து இலைகளை ஈர்க்குக் குச்சியால் தைத்தால் உண்கலம். ஓர் இலையையோ இரண்டையோ மடித்துக் குத்தினால் தொன்னை. நம் ஊர்களில் புரச இலையாலும் மந்தாரை இலையாலும் ஆலிலையாலும் தையல் இலை தைத்தோமன்றோ? அதே கைவேலைதான் இது. ஓய்வு நேரத்தில் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டே பெண்கள் தைத்து அடுக்குவர். திருமணத்துக்கும் இதுவே, திதிக்கும் இதுவே, சந்தையில் பலகாரம் விற்கவும் இதுவே. உண்டபின் எறிந்தால் மாடு தின்னும். அன்றேல் மண்ணோடு மண்ணாகும்.

இரண்டாவது, குச்சி. நாம் வேப்பங்குச்சியால் பல் துலக்கியது போல, இவர்கள் சால் குச்சியால் துலக்குகின்றனர். இளங்குச்சிகளை ஒரு சாண் அளவில் நறுக்கிக் கட்டாகக் கட்டி, விடியற்காலையில் நகரத்து இரயிலேறி வந்து விற்கும் பெண்களை நம் அன்பர்கள் கண்டிருப்பர்.

மூன்றாவது, பிசின். இது வேறெதுவுமன்று, நம் வீட்டுப் பூசையில் புகையும் குங்கிலியமே! மனைவியின் தாலியை விற்று நெல் வாங்கச் சென்ற குங்கிலியக்கலய நாயனார், வழியில் குங்கிலியப் பொதியைக் கண்டு அதையே வாங்கிச் சிவபெருமான் கோவிலில் சேர்த்த வரலாற்றை நாம் அறிவோம். அந்தக் கதை கேட்டு வளர்ந்த நாம், குங்கிலியம் கசியும் மரங்களின் நடுவே வாழ்ந்தும் அதை அறியாதிருக்கலாமா? மரத்தை அளவு மீறிக் கீறினால் அது நோயுற்று அழியும் என்பதால், பட்டுப்போன கிளைகளிலிருந்தும் தானே கசிந்து உறைந்த இடங்களிலிருந்தும் எடுப்பதே முதியோர் கூறும் முறை.

நான்காவது, விதை. வைகாசி முடிவில் இறகு முளைத்த விதைகள் காற்றில் சுழன்று விழும். அதன் கொழுப்பு, சாக்லேட் செய்வோர்க்குக் கொக்கோ வெண்ணெய்க்கு ஈடாகப் பயன்படுகிறது. நம் குழந்தைகள் சுவைக்கும் மிட்டாயில், வெயிலில் குனிந்து பொறுக்கிய ஒரு மூதாட்டியின் உழைப்பும் கலந்திருத்தல் கூடும்.

ஐந்தாவது, காளான். முதல் மழை இடியுடன் பெய்ததும், சால் மரத்தடி மண்ணுள் உருண்டை உருண்டையாக ஒரு காளான் தோன்றும். ஜார்க்கண்டில் ‘ருக்டா’ என்பர். பஸ்தரில் ‘போடா’ என்பர். சால் வேரோடு கூடி வாழ்வது அதன் இயல்பாதலால் தோட்டத்தில் பயிரிட இயலாது. சால் காடு உள்ள வரையில்தான் ருக்டாவும் உண்டு. சிராவண மாதத்தில் புலால் விலக்கும் குடும்பத்தார் இதை விரும்பி வாங்குவதால், ராஞ்சிச் சந்தையில் அப்போது ஆட்டிறைச்சியோடு போட்டியிடும் விலைக்குப் போகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகச் சால் மரம் தெய்வம் உறையும் இடம். ஊர்தோறும் ‘சர்னா’ என்னும் திருச்சோலை உண்டு. நம் ஐயனார் கோவிற்காடு போன்றதே அது. அங்கே கோடரி படாது. சித்திரை வளர்பிறை மூன்றாம் நாள் சர்ஹுல் விழா வரும்போது, ‘பாஹன்’ எனப்படும் ஊர்ப் பூசாரி சால் பூவைப் படைத்து வழிபட்டு, வீடு வீடாக வழங்குவார். பானையில் வைத்த நீரின் அளவைப் பார்த்து அவ்வாண்டு மழை எப்படி என்றும் சொல்வார். சர்ஹுல் முடியும் வரையில் புதுப்பூ, புதுக்காய் எதையும் உண்ணலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. பூத்ததைப் பூக்கவிட்டு, காய்த்ததைக் காய்க்கவிட்டு, பிறகு கை வைக்கும் இந்த அடக்கத்தை எந்த வனத்துறைக் கல்லூரியும் கற்பிக்கவில்லை, வழிபாடு கற்பித்தது.

1855-இல் சாந்தால் மக்கள் சிதோ, கானு என்னும் உடன்பிறந்தார் தலைமையில் கொடுங்கோன்மைக்கு எதிராக எழுந்தபோது, ஊர் ஊராகச் செய்தி கொண்டு சென்றது ஒரு சால் கிளைதான். எழுத்தறியாதார் என்று எண்ணப்பட்ட மக்களின் எழுத்தாக ஒரு மரக்கிளை விளங்கியது.

கஞ்சிக்குக் கீரை, கைக்குக் கயிறு

நிற்க. காட்டிலிருந்து அடுப்பங்கரைக்கு வருவோம்.

ஜார்க்கண்டுக் கிராமத்து எளிய உணவு, வடித்த கஞ்சியில் கீரை சேர்த்துக் காய்ச்சியது. அந்தக் கீரைகளுட் பல பயிரிடப்பட்டவை அல்ல. ‘கோயினார்’ என்பது மந்தாரை மரத்தின் இளந்தளிர். ‘சகோட்’ என்பது நம் ஊர்ப் பாதையோரத்தில் தானே முளைக்கும் தகரை. ‘பேங் சாக்’ என்றால் தவளைக் கீரை என்று பொருள். ஈரம் உள்ள இடத்தில் படரும் அதை நோக்கினால், அட, நம் வல்லாரை! ‘புட்கல்’ என்பது அத்தி, ஆல் இனத்தைச் சேர்ந்த மரத்தின் புளிப்பான தளிர்மொட்டு. அதை உலர்த்தி ஆண்டு முழுதும் புளிக்கு மாற்றாகக் கொள்வர். கோடையில் கிடைக்கும் கீரைகளை உலர்த்திப் பொடித்து வைத்து, மழைக்காலத்தில் கஞ்சியிற் கலந்து உண்பது இவர்களுடைய சேமிப்பு முறை.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்புச் செடியை இங்கே ‘புயீ நீம்’ என்பர். புயீ என்பது நிலம். நீம் என்பது வேம்பு. சொல்லுக்குச் சொல் அது நம் நிலவேம்பேயாகும்! டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அரசே வழங்கிய நிலவேம்புக் குடிநீரின் தலையாய சரக்கு இச்செடி. ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாத இரு நாட்டு மக்கள், ஒரே செடிக்கு ஒரே பெயரை இட்டிருக்கின்றனர்.

கொடி வகையிலும் இவர்கள் வல்லவர்கள். மந்தாரை இனத்துப் பெருங்கொடி ஒன்று மரங்களின் மேல் ஏறிப் படரும். அதன் பட்டையை உரித்து நாராக்கிக் கயிறு திரிப்பதில் பிர்ஹோர் என்னும் சிறு குடியினர் கைதேர்ந்தவர்கள். முண்டாரி மொழியில் ‘பிர்’ என்றால் காடு. ‘ஹோர்’ என்றால் மனிதன். மாட்டுத் தும்பும் கிணற்றுக் கயிறும் உறியும் வலையும் அவர்கள் கையால் உருவாகி உழவர் வீடுகளுக்குச் செல்லும். அதே கொடியின் அகன்ற இலைகளை அடுக்கித் தைத்து, நாற்று நடும் பெண்கள் தலையும் முதுகும் மறையுமாறு போர்த்திக்கொள்வர். மழை உள்ளே புகாது. மூங்கிலைப் பிளந்து முறமும் கூடையும் மீன்பொறியும் முடைவோர் வேறொரு குடியினர். இவ்வாறு ஒரு கிராமத்தின் தேவைகளை ஒரு காடும் பல கைகளும் சேர்ந்து நிறைவேற்றி வந்தன.

நம் வீட்டிற்குள் வந்த காடு

இவையெல்லாம் அவர்கள் செய்தி. நமக்கென்ன என்று யாரேனும் கேட்கலாம். நம் வீட்டுப் பெட்டியையும் அஞ்சறைப் பெட்டியையும் திறந்து பார்ப்போம்.

பாயசத்திலும் பர்பியிலும் தூவும் சாரப்பருப்பு இந்தக் காட்டுக் கொட்டையின் உட்பருப்பு. கடின ஓட்டைத் திரிகைக் கல்லில் உடைத்துப் பருப்பெடுப்பது பெண்களின் வேலை. அயலிலிருந்து வந்த வணிகர் ஒரு படி உப்புக்கு ஒரு படி சாரப்பருப்பைப் பண்டமாற்றாகப் பெற்றுச் சென்ற கொடுமையைப் பஸ்தர் மக்கள் இன்னும் சொல்கின்றனர். இக்காலத்தில் விலை உயர்ந்தது. அதனால் வேறொரு கேடு வந்தது. பிறர் முந்திக்கொள்வரோ என்னும் அச்சத்தால் காய் முதிருமுன்பே கிளையோடு வெட்டுகின்றனர். மரம் குறைந்து வருகிறது.

தாலிக் குண்டினுள் பொற்கொல்லர் நிரப்பும் அரக்கு, புரசு, பூவம், இலந்தை ஆகிய மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரந்து வைப்பது. அரக்கு விளைவிப்பதில் ஜார்க்கண்டு முன்னணியில் நிற்பது. அதை ஆராய்வதற்கென்றே 1924-இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது.

இன்னுமொன்று. திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகின்றனர். அவர்கள் கத்தரிக்கும் இலை தாமிரபரணிக் கரையில் விளைவதன்று. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய மாநிலக் காடுகளில் சித்திரை வைகாசி வெயிலில் பறிக்கப்படும் தெந்து இலை அது. ஐம்பது இலை ஒரு கட்டு. ஆயிரம் கட்டு, அதாவது 50,000 இலை, ஒரு மூட்டை என்பது அரசாங்க அளவு. மத்தியப் பிரதேசம் 1964-இல் இவ்வாணிகத்தைச் சட்டத்தின் மூலம் அரசுடைமையாக்கியது. அங்கே இலை பறிக்கும் தாய்க்கும் இங்கே இலை சுற்றும் தாய்க்கும் ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியாது. இருவர் கூலியும் குறைவு என்பது மட்டும் பொது. புகையிலையின் தீமை நாம் அறிந்ததே. ஆயினும் அத்தொழிலை விட்டால் இவ்விருவரும் எங்கே செல்வர் என்பதற்கும் விடை தேடவேண்டும்.

சட்டம் சொன்னதும் ஊர் சொன்னதும்

இனி, தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். விழுந்த பூ யாருக்குச் சொந்தம்?

ஊர் வழக்கு ஒரு விடை கூறியதை மேலே கண்டோம். ஆங்கில ஆட்சி வேறு விடை கூறியது. 1865, 1878, 1927 ஆகிய ஆண்டுகளில் இயற்றிய வனச் சட்டங்கள் காட்டைப் படிப்படியாக அரசின் உடைமையாக்கின. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் ‘வன விளைபொருள்’ எது என்பதற்கு வகுத்த இலக்கணம் வியப்பானது. சில பொருள்கள் காட்டில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வன விளைபொருளே என்று அது பட்டியலிடுகிறது. மரமும் கரியும் பிசினும் அரக்கும் கடுக்காயும் இருக்கும் அப்பட்டியலில், மகுவாப் பூவும் மகுவா விதையும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. பாட்டன் வெட்டாமல் விட்ட, தன் வயல் நடுவே நிற்கும் மரத்தின் பூவையும் சட்டம் காட்டுப் பொருளாகவே எண்ணியது. காலையில் பொறுக்கியவள் மாலையில் குற்றவாளியாகும் நிலை பிறந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. 1996-இல் பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம், சிறு வன விளைபொருள்களின் உடைமையைக் கிராம சபைக்கு அளிக்க வழி வகுத்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. காட்டு மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, தெந்து இலை, மூலிகை, கிழங்கு முதலியவற்றைத் திரட்டவும் பயன்படுத்தவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று விதித்தது.

ஏட்டில் உள்ள உரிமை கைக்கு வருமா என்னும் ஐயத்துக்கு ஒரு சிற்றூர் விடையளித்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேண்டா லேகா என்னும் கோண்டு கிராமம், 2009-இல் தன் காட்டின்மீது சமூக உரிமை பெற்றது. மூங்கிலை வெளியே கொண்டு செல்லும் அனுமதிச் சீட்டை வழங்கும் அதிகாரமும் 2011 ஏப்ரலில் அவ்வூர்க் கிராம சபையின் கைக்கே வந்தது. பிறரிடம் சீட்டுக்காகக் காத்து நின்ற மக்கள், தம் மூங்கிலுக்குத் தாமே சீட்டெழுதினர்.

எல்லா ஊரும் மேண்டா லேகா ஆகிவிடவில்லை. 2013 முதல் சிறு வன விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும், கைச்செலவுக்கு அன்றே காசு வேண்டிய குடும்பம் அருகிலுள்ள வாரச் சந்தையில் வணிகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. சுரங்கத்துக்கும் அணைக்கும் காடு போகிறது. மரத்தடியைச் சுத்தம் செய்யச் சருகுக்கு வைக்கும் நெருப்பு, சில வேளை பரவிக் காட்டையே எரிக்கிறது. இதைத் தவிர்க்க மரத்தடியில் வலை கட்டிப் பூவேந்தும் முறையைச் சில இடங்களில் கைக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். இளைஞர் நகரத்துக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். எந்தக் கீரை எந்த மழைக்குப் பின் வரும், எந்தக் கிழங்கை எத்தனை முறை அவித்தால் நஞ்சு நீங்கும் என்னும் அறிவு மூதாட்டிகளிடம் தேங்கி, கேட்பாரின்றி அவர்களோடு மறைகிறது. காடு அழிந்தால் நட்டு வளர்க்க முயலலாம். அறிவு அழிந்தால் எதை நடுவது?

குடிபெயர்ந்தோர் கடமை

நம் முன்னோர் பலர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய அதே நூற்றாண்டில், சோட்டா நாகபுரி மக்கள் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் பேரர் பேத்தியர் அங்கே இன்றும் கரம் விழாவன்று கரம் மரக்கிளையை நட்டு, சுற்றி ஆடுகின்றனர். அம்மரம் நம் மஞ்சட்கடம்பு. ஊர் போனது, பேச்சும் பலர்க்கு மாறியது, கிளை மட்டும் கூடவே சென்றது. குடியிருப்பின் பின்கட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைத்து, ஊரிலிருந்து வந்த மாவிலை என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு, இதன் பொருளை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே, நம்மால் இயன்ற நான்கு செயல்களை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: சங்கத்தின் பொங்கல் விருந்துக்கும் சித்திரை விழாவுக்கும் வாழையிலை போதாத இடத்தில் சால் இலைத் தட்டுகளையே வாங்குவோம். தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தேதியிலிருந்தும், நாடு முழுவதும் 2022 சூலை முதல் தேதியிலிருந்தும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தடை உண்டு. சட்டத்துக்கு அடங்குவதும் ஏழைக்கு உதவுவதும் ஒன்றாகவே நிறைவேறும்.

இரண்டு: பல்குச்சியும் கீரையும் விற்க வரும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதிருப்போம். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, தரையில் அமர்ந்திருப்பவரிடம் மட்டும் நம் சாமர்த்தியத்தைக் காட்டுவது அழகன்று.

மூன்று: நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். ஒரு பத்தியில் செடியின் தமிழ்ப்பெயர், அடுத்ததில் இந்திப் பெயர், மூன்றாவதில் முண்டாரி அல்லது சாந்தாலிப் பெயர். மூன்றாவது பத்தியை நிரப்ப வேண்டுமானால், நம் வீட்டில் வேலை செய்யும் அம்மையாரிடமோ சந்தைப் பெண்ணிடமோதான் கேட்டறிய வேண்டும். நம் பிள்ளைகள் அவர்களை ஆசிரியராக அமர்த்தும் அந்த ஒரு கணமே பெரும் பயனாகும்.

நான்கு: கேட்டறிந்த மூலிகைகளை நாமே மருந்தாக உண்டு பார்க்க முற்படலாகாது. சேங்கொட்டையின் பால் பட்டாலே தோல் வெந்துவிடும். கைப்பழக்கம் உள்ளவர்க்கு மருந்தாவது அறியாதவர்க்கு நஞ்சாகும். அவர்தம் அறிவை மதிப்பது வேறு. அரைகுறையாகக் கவர்ந்துகொள்வது வேறு.

விழுந்த பூ, இருளில் எழுந்து சென்று குனிந்து பொறுக்கியவருக்குச் சொந்தம். இதை ஊர் முன்பே அறிந்திருந்தது; சட்டம் காலந்தாழ்த்தி அறிந்தது; அவர்கள் மண்ணில் வந்து வாழும் நாமும் அறிந்திருத்தல் முறையாகும்.

அடுத்த திங்கள் இப்பகுதியில், புரசு மரத்தில் அரக்குப் பூச்சியை ஏற்றி வளர்க்கும் முறையை விரிவாகக் காண்போம். அதற்குள் அன்பர்கள் தத்தம் ஊரில் கண்ட மரஞ்செடிகளின் பெயர்களை எழுதியனுப்பினால், அவற்றையும் சேர்த்து வெளியிடுவோம்.